காற்றை அளக்கும் பெட்டி



உணவின்றிச் சில வாரங்கள் உயிர் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ இயலாது என்று நாம் படித்திருக்கிறோம். இது மனிதருக்கு மட்டுமன்று, மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும் என்பது அனைவருக்கும் தெரியும். காற்றுக் கிடைக்காவிட்டாலும் அது நின்றுவிடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூலக்குளத்தில், வில்லியனூர் செல்லும் சாலையோரம், என் தந்தையார் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் அப்பாவும் நானும் சேர்ந்து, இயந்திரம் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கும் என்று அளக்கும் ஒரு பெட்டியைச் செய்தோம். பந்தய வண்டிகளைத் தயார் செய்பவர்கள் இதனை 'ஃப்ளோ பெஞ்ச்' என்பர். நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் அதை வைத்தபோது, அதன் இரைச்சலைக் கேட்டு, "இது என்ன, மாவு மிஷினா?" என்று கேட்ட தோழியர் பலர். எங்கள் அறிவியல் ஆசிரியை அருட்சகோதரி அவர்கள், "அதைப் பற்றி மலருக்கு எழுதிக் கொடு, தவறாக அளந்த கதையையும் விடாமல் எழுது" என்றார்கள். ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

இயந்திரம் மூச்சு விடும் விதம்

மோட்டார் சைக்கிள் இயந்திரத்தில் சிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. அது முதன்முறை கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவி உள்ளே வருகிறது. மேலேறும்போது ஆவி அமுக்கப்படுகிறது. பிறகு பொறி பட்டு எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காவதாக, எரிந்த புகை வெளியேறுகிறது. சிலிண்டரின் தலைமேல் மூடி போல அமர்ந்திருப்பது 'ஹெட்'. அதில் உள்ளே வரும் வழி ஒன்று, வெளியே போகும் வழி ஒன்று. இவ்வழிகளைப் 'போர்ட்' என்பர். ஒவ்வொரு வழிக்கும் ஒரு கதவு உண்டு, அதுவே வால்வு. வால்வை நம் மூக்கு என்று வைத்துக்கொண்டால், போர்ட் என்பது மூச்சுக்குழல் எனலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சென்னையை அடுத்த திருவொற்றியூருக்குப் புகழ் தேடித் தந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் 1955-ல் தோன்றியது. அதன் பழைய 350 புல்லட் வண்டியில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு காணும் சூத்திரத்தைப் போட்டால் 346 கன சென்டிமீட்டர் வரும். வீட்டுத் தம்ளரால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் தம்ளர். இயந்திரம் நிமிடத்திற்கு 5000 சுற்றுச் சுற்றும்போது, இந்த ஒன்றேமுக்கால் தம்ளர் காற்று உள்ளே வரக் கிடைக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஆறு பங்கு! அவ்வளவு அவசரத்தில் வளைந்த ஒரு குழாய் வழியாக வந்து, சில மில்லிமீட்டரே திறந்திருக்கும் வால்வைத் தாண்டிக் காற்று நுழைய வேண்டும். வழி சற்றே கோணலாக இருந்தாலும் வயிறு நிறையாது. வயிறு நிறையாவிட்டால் பலம் வராது.

பெட்டி எதற்கு?

"போர்ட்டை ராவி, பளபளப்பாக்கிக் கொடுங்கள், வண்டி பறக்க வேண்டும்" என்று இளைஞர்கள் அப்பாவிடம் ஹெட்டைக் கழற்றிக் கொண்டுவருவதுண்டு. வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்த்து, "இப்போது நன்றாக இழுக்கிறது" என்பார்கள். காசு கொடுத்தவருக்கு எப்போதும் நன்றாக இழுப்பது போலத்தான் தோன்றும்! உண்மையில் எவ்வளவு காற்றுக் கூடியது என்று அப்பாவுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அதுவே அப்பாவுக்கு நெடுநாள் குறை.

விலைக்கு விற்கும் ஃப்ளோ பெஞ்ச் எங்களைப் போன்ற சிறு பட்டறைக்கு எட்டாதது. அதனால் என்ன? கோவையின் ஜி. டி. நாயுடு அவர்கள் (1893–1974) பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். இளமையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே இயந்திர அறிவைப் பெற்றார். அவரைப் பற்றி நான் படித்ததை அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நாமளே செய்வோம் பாப்பா" என்றார்.

தண்ணீர் எப்படிக் காற்றை அளக்கும்?

இளநீரை உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறோம். வெளிக்காற்று இளநீரை மேலே தள்ளுகிறது. நீர் 25 சென்டிமீட்டர் உயரம் ஏறினால், நம் இழுப்பின் பலம் '25 சென்டிமீட்டர் தண்ணீர்' என்று சொல்லலாம். ஆங்கில U எழுத்தைப் போல வளைந்த குழாயில் நிறநீரை ஊற்றி, ஒரு முனையைப் பெட்டியோடு இணைத்து மறு முனையைத் திறந்துவிட்டால், இரு பக்க நீரின் உயர வேறுபாடே இழுப்பின் அளவு.

ஆனால் அழுத்தம் வேறு, பாயும் காற்றின் அளவு வேறு. இங்கேதான் கலிலியோவின் உதவியாளராக இருந்த டாரிசெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் நமக்கு உதவுகிறார். ஒரு தொட்டியின் அடியிலுள்ள துளையிலிருந்து நீர் பாயும் வேகம், நீர்மட்டத்தின் உயரத்திற்கு நேராகக் கூடுவதில்லை. அந்த உயரத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே கூடுகிறது என்று அவர் 1644-ல் வெளியிட்ட நூலில் காட்டினார். மாடித் தொட்டியை நான்கு மடங்கு உயரத்தில் வைத்தால் குழாயில் நீர் இரண்டு மடங்கு வேகத்தில்தான் வரும். காற்றுக்கும் எங்கள் பெட்டியில் இதே கணக்குத்தான்.

ஆகவே காற்று போகும் வழியில் தெரிந்த அளவுள்ள ஒரு துளையை வைத்து, அத்துளையின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாட்டை நீர்க்குழாயில் பார்த்தால், எவ்வளவு காற்று போகிறது என்று கணக்கிட்டுவிடலாம். இந்த வர்க்கமூலத்தைத் தோழியர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் என்னைத் தலைகுனிய வைத்ததும், தலை நிமிர வைத்ததும் அதுவே.

கட்டிய விதம்

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழுதான இரண்டு வாக்குவம் கிளீனர்களிலிருந்து கழற்றிய, ஒவ்வொன்றும் 1000 வாட் உள்ள இரு மோட்டார்களை வாங்கினோம். தச்சு வேலை தெரிந்த என் மாமா பெட்டியைச் செய்தார். முதலில் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்து மோட்டாரைப் போட்டதும் பலகைகள் அப்பளம் போல உள்ளே வளைந்தன. ஏன் என்று கணக்குப் போட்டோம். இழுப்பு 40 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 40 கிராம் பாரம். எங்கள் பலகை 40-க்கு 40 சென்டிமீட்டர். அதாவது 1600 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 64 கிலோ! ஒரு பெரிய ஆள் பலகைமேல் ஏறி நிற்பதற்குச் சமம். பிறகு 18 மில்லிமீட்டர் பலகையில் செய்து, மூலைகளுக்குப் பசையும் எம்சீலும் வைத்து அடைத்தோம்.

பெட்டிக்கு மேலறை, கீழறை என இரண்டு அறைகள். நடுவே உள்ள தடுப்பில் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூர்விளிம்புத் துளையிட்ட தகடு. இதைத் துளைத் தகடு என்போம். மேலறையின் கூரையில், புல்லட் சிலிண்டரின் உள் விட்டமான அதே 70 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை இரும்புத் தட்டில் பொருத்தி, அதன்மேல் ஹெட்டை முடுக்கினோம். தட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் காற்றுக் கசியாதிருக்க, பழைய லாரி டியூபை வெட்டி ரப்பராக வைத்தோம். மோட்டார்கள் கீழறையிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும். ஆக, வெளிக்காற்று போர்ட்டில் புகுந்து, வால்வைத் தாண்டி, மேலறைக்கு வந்து, துளைத் தகட்டின் வழியே கீழறைக்குப் போய், மோட்டார் வழியாக வெளியேறுகிறது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வெட்டி இரண்டு U குழாய்கள் செய்தோம். தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலந்தோம். முதல் குழாய் வெளிக்காற்றுக்கும் மேலறைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். இதை எப்போதும் 25 சென்டிமீட்டரிலேயே நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஒரு ஹெட்டை மற்றொன்றோடு ஒப்பிடலாம். அதற்காகக் கீழறையில் திறந்து மூடும் சிறு ஜன்னல் வைத்தோம். இரண்டாம் குழாய் துளைத் தகட்டின் இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். இதுவே காற்றின் அளவு.

வால்வைத் திறக்க, அதன் கடினமான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டு, மேலிருந்து ஒரு 6 மில்லிமீட்டர் போல்ட்டால் அழுத்தினோம். அந்தப் போல்ட்டின் மரை, ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்கும். எட்டுச் சுற்றுச் சுற்றினால் வால்வு எட்டு மில்லிமீட்டர் திறக்கும். போர்ட்டின் வாயில் பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண்ணை வளையமாக வைத்தோம். கூரான விளிம்பில் காற்றுச் சிதறாமல் வழுக்கிக்கொண்டு நுழைய இது தேவை.

மோட்டாரை ஒரு தடவைக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் ஓட்டக்கூடாது, சூடேறிவிடும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வதும், மின்சார வேலையைப் பெரியவர்களே செய்வதும் அவசியம். 25 சென்டிமீட்டர் இழுப்பில் வால்வு இடுக்கில் புகும் காற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் 64 மீட்டர், அதாவது மணிக்கு 230 கிலோமீட்டர். புயற்காற்றின் வேகம் இது! கைக்குட்டையைப் போர்ட்டின் அருகில் வைத்துவிடாதீர்கள். நான் வைத்து ஒன்றை இழந்திருக்கிறேன்.

முதல் சோதனை

கண்டமங்கலத்திலிருந்து ஓர் அண்ணன் தம் பழைய புல்லட்டின் ஹெட்டைக் கொண்டுவந்தார். வேலைக்கு முன் அளந்தோம். வால்வு 8 மில்லிமீட்டர் திறந்தபோது இரண்டாம் குழாயில் 12 சென்டிமீட்டர். விநாடிக்குச் சுமார் 33 லிட்டர் காற்று. அப்பா மூன்று நாள் பொறுமையாக உப்புத்தாள் போட்டுப் போர்ட்டைக் கண்ணாடி போல ஆக்கினார். மீண்டும் முடுக்கி அளந்தோம். 14 சென்டிமீட்டர்! பன்னிரண்டின் வர்க்கமூலம் 3.46, பதினான்கின் வர்க்கமூலம் 3.74. ஆக, காற்று நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடியிருக்கிறது.

கசிவு இருக்கிறதா என்றும் நாங்கள் பார்க்காமலில்லை. வால்வை முழுவதும் மூடி மோட்டாரைப் போட்டோம். இரண்டாம் குழாயில் நீர் அசையவில்லை. எங்களுக்குத் திருப்தி. அந்த அண்ணன் போர்ட் வேலைக்கெனத் தனிக் கூலி கொடுத்து, மகிழ்ச்சியோடு போனார். அவர் சொல்லி மேலும் இருவர் ஹெட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் கண்காட்சிக்கான அட்டையில் '8 சதவீதம்' என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன்.

வர்க்கமூலம் சொன்ன செய்தி

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அட்டைக்காகக் கணக்கை மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஓர் எண்ணம் தோன்றியது. கூடிய எட்டுப் பங்கும் கசிவாகவே இருந்தால், வால்வை மூடியபோது குழாயில் எவ்வளவு தெரிந்திருக்கும்? 3.74-லிருந்து 3.46-ஐக் கழித்தால் 0.28. அதன் வர்க்கம் 0.08 சென்டிமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

பேனா அப்படியே நின்றுவிட்டது. நீர் அசையவில்லை என்று நாங்கள் எண்ணியது, எங்கள் கண்ணுக்குத் தெரியும்படி அசையவில்லை என்பதுதான். பெரிய காற்றோடு சேரும்போது இரண்டு சென்டிமீட்டரை ஏற்றிவிடும் கசிவு, தனியே நிற்கும்போது ஒரு மில்லிமீட்டருக்குள் ஒளிந்துகொள்ளும். வர்க்கமூலத்தின் குணம் அது.

அப்பாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவர் கூலி வாங்கிவிட்டார், வாக்கும் கொடுத்துவிட்டார். அட்டையும் எழுதியாயிற்று. கசிவு இல்லாமலும் இருக்கலாமே என்று இரண்டு நாள் என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் கை கழுவினார். அம்மா வைத்திருந்த ஊதுவத்தியில் ஒன்றை எடுத்துக்கொண்டு, "வாம்மா, பாத்துடுவோம்" என்று பட்டறையைத் திறந்தார்.

அண்ணன் இன்னும் வாங்கிப் போகாத அந்த ஹெட், பெட்டியின் மேலேயே முடுக்கியபடி இருந்தது. வால்வை மூடி மோட்டாரைப் போட்டு, ஊதுவத்தியைப் பெட்டியைச் சுற்றிக் கொண்டுபோனோம். மூன்று பக்கமும் புகை நேராக மேலே போயிற்று. சுவரோரப் பக்கம் வந்ததும், கயிற்றால் இழுத்தது போலத் தட்டுக்கு அடியில் வளைந்து உள்ளே ஓடியது. இரண்டாம் முறை ஹெட்டைப் பூட்டியபோது லாரி டியூப் ரப்பர் அங்கே மடிந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் உயரமும் ஆறேழு சென்டிமீட்டர் நீளமுமான இடைவெளி.

கசிவின் அளவைப் பார்க்க வழியுண்டா என்று யோசித்தேன். 40 மில்லிமீட்டர் துளைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் துளைத் தகட்டைப் போட்டால் துளையின் பரப்பு 16-ல் ஒரு பங்காகும். அதே காற்று அதில் நுழைய 16-ன் வர்க்கமான 256 மடங்கு அழுத்தம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத 0.08 சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டராகத் தெரிய வேண்டும். அப்பா அப்போதே ஒரு தகரத்தில் துளை போட்டார். மாட்டிப் பார்த்தோம்: 18 சென்டிமீட்டர். எட்டுச் சதவீதம் ஏறக்குறைய முழுவதும் கசிவுதான்.

ரப்பரைச் சரிசெய்தபின் சிறு துளைத் தகட்டில் நீர் சில மில்லிமீட்டரே ஏறியது. பெரிய துளையைப் போட்டு அளந்தபோது 14 சென்டிமீட்டர் 12.1 ஆயிற்று. மூன்று நாள் உப்புத்தாள் போட்ட உழைப்புக்குக் கூடிய காற்று அரைச் சதவீதமும் இல்லை. அதையும் உறுதியாகச் சொல்ல இயலாது; முதல் சோதனையின்போது ரப்பர் சரியாக அமர்ந்திருந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடியாதல்லவா?

மறுநாள் காலை அப்பா அந்த அண்ணனை அழைத்து உள்ளதைச் சொல்லிக் கூலியை நீட்டினார். அவருக்கு முகம் வாடியது. சிறிது நேரம் ஹெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஹெட் இங்கேயே இருக்கட்டும் மாஸ்டர். பெட்டி சொல்றதப் பாத்து வேலை செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

பெட்டி காட்டிய வழி

அதன்பின் பெட்டியைக் கொண்டே குறையைத் தேடினோம். போர்ட்டின் சுவர் பளபளப்பாக இருப்பதால் காற்றுக்குப் பெரிய லாபமில்லை. வால்வு அமரும் இடத்திற்குச் சற்றுக் கீழே ஒரு சிறு வரம்பு இருந்தது. காற்று திரும்பும் இடத்தில் அது தடுக்கியது. வால்வு அமரும் முகம் 45 பாகைச் சாய்வு. அதற்குக் கீழே 60 பாகையிலும், மேலே 30 பாகையிலும் கட்டரால் மெல்லச் சீவி, வரம்பைக் கையால் வழித்தெடுத்தார் அப்பா. அரைநாள் வேலைதான். சிறு துளையில் கசிவு பார்த்து, பெரிய துளையில் அளந்து, மறுபடி சிறு துளையில் கசிவு பார்த்தோம். 13.6 சென்டிமீட்டர். வர்க்கமூலக் கணக்கில் காற்று 6 சதவீதம் அதிகம். ஹெட்டைக் கழற்றிப் பூட்டி, வேறு வேறு நாட்களில் மூன்று முறை அளந்தும் அதே அளவு வந்தது. அதன்பிறகே அப்பா கூலி வாங்கினார்.

போர்ட்டைப் பெரிதாக்கினால் போதாதா என்று சிலர் கேட்பர். வழி அகன்றால் காற்றின் வேகம் குறையும். குறைந்த சுற்றில் வண்டி சோர்ந்துவிடும். மேலும், பெட்டியில் காற்று ஒரே சீராக ஓடுகிறது. இயந்திரத்திலோ விட்டு விட்டு ஓடுகிறது. எனவே பெட்டியில் 6 சதவீதம் என்றால் வண்டியின் பலமும் 6 சதவீதம் கூடும் என்று சொல்லிவிடக் கூடாது. பெட்டி காற்றைப் பற்றி மட்டுமே பேசும். இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளங்களில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலுள்ள தூரம் சிறிது. அங்கே இச்சிறு வித்தியாசமும் பெரிதாகும். நம் சாலைகளுக்கு வேலை சுத்தமாக இருந்தாலே போதும் என்பார் அப்பா.

கண்காட்சி அன்று, சிவப்பு மையில் எழுதிய 8-ஐ நான் அழிக்கவில்லை. அதன்மேல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் 6 என்று எழுதி, அருகே ஓர் ஊதுவத்தியை ஒட்டி வைத்தேன். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் பெட்டியைவிட ஊதுவத்தியைப் பற்றியே அதிகம் கேட்டார்கள்.

தோழியரே, நீங்களும் எதையேனும் அளக்கும்போது, அங்கே ஒன்றுமில்லாதபோது உங்கள் கருவி என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றும் காட்டவில்லையென்றால், சிறியது ஒன்று இருந்தாலும் அதற்குக் காட்டத் தெரியுமா என்று அடுத்ததாகக் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான் நாங்கள் 8 என்று எழுதினோம்.



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, மூலக்குளம்